இரும்பு ஆகாத அறை

பேய்க்கு ராத்திரியில்தான் வேலை என்று யார் சொன்னது? நம் வெள்ளைச்சாமியின் மைத்துனன் நாகராசுவைக் கேட்டுப் பாருங்கள்.

பகல் பன்னிரண்டரை மணி. அரிமளம் தைலமரக் காட்டு ரோடு. ஈ காக்கை இல்லை. விருந்து வீட்டில் கொடுத்துவிட்ட கறிக்குழம்புத் தூக்கை வண்டியில் மாட்டியிருந்தான். உச்சி வேளையில் கறியோடு போனால் கூடவே ஓர் இரும்புத் துண்டும் போகவேண்டும். அதை மறந்துவிட்டான், பாவி.

வண்டியின் பின்பக்கம் அமுங்கியது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. திரும்பிப் பார்த்தான். விழுந்தான். தூக்கு மூடியபடியே கிடந்தது. திறந்தால், உள்ளே குழம்பு இல்லை.

அன்றிலிருந்து பிடரியில் ஒரு பாரம். இடது கை மரத்துப்போனது. அவனுடைய ஆத்தா அரைஞாண் கயிற்றில் ஓர் இரும்பு வளையம் கோத்துவிட்டாள். அதன் பிறகு பாரம் இறங்கியது, கைதான் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் சரியாக இருந்தது. நரம்பு எங்கே நசுங்கியிருக்கிறது என்பது எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும், தள்ளிப்போட்டால் கை போய்விடும் என்று டாக்டர் சீட்டு எழுதினார்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே வேலை பார்க்கும் ஷர்லி, உள்ளே இருப்பது பெரிய காந்தம், குண்டூசி அளவு இரும்புகூட ஆகாது என்றாள். நாகராசு வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது மட்டும் இருக்கட்டும்மா. இதக் கழட்டுனா அது வந்துரும்."

"எதுண்ணே வரும்? கழட்டுங்க, இருபது நிமிசந்தான்."

அவனுக்கு மனசே இல்லை. ஆனாலும் கையை நினைத்துக் கழற்றிக் கொடுத்தான்.

துணைக்கு வந்திருந்த வெள்ளைச்சாமியை வெளியே உட்காரவைத்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். அறையில் நாகராசு ஒருத்தன்தான். படுத்திருந்த பலகை குழாய்க்குள் நகர்ந்தது. ஏசிக் குளிர். டக்... டக்... டக்... பிறகு டர்ர்ர்ரென்று மண்டையைக் குடைந்தது. அது கொஞ்சம் நின்றபோது... கறி வாசம். பிடரிக்கு அடியில் சூடாக ஒரு மூச்சு.

"தள்ளிப் படு... எடம் பத்தல."

பயம் வந்தால் அழுத்தச் சொல்லி வலது கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். விரல் மடங்கவில்லை. இம்மிகூட அசையாமல், கண்ணை இறுக மூடிக் கிடந்தான்.

சத்தம் ஓய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஷர்லி மைக்கில் சலித்துக்கொண்டாள்.

"படம் கலங்கிருச்சுண்ணே, மறுபடி எடுக்கணும். இந்தத் தடவையாச்சும் ரெண்டு பேரும் ஆடாம படுங்க."