சக்கரத்துக்குச் சந்தனம்

சந்தனத்தைக் கல்லில் இழைத்தால்தான் வாசம் நிற்கும். கடைப் பொடியை நான் மில்லுக்குள் விடுவதில்லை. ஆயுத பூசையன்று விடியலிலேயே உட்கார்ந்து நானே ஒரு கிண்ணம் இழைத்துவிடுவேன்.

கோச்சடையில் இருக்கும் எங்கள் ரைஸ் மில் அப்பா வைத்தது. அவருக்குப் பின் நடத்தியது நான். ஆனால் எனக்கு ஏழரைச் சனி பிடித்தபோது, ஜோசியர் சொன்னார் என்று லைசென்ஸைத் தம்பி மலையாண்டி பெயருக்கு மாற்றினேன். போர்டில் தன் பெயரைப் பார்த்து அவனுக்கு வாயெல்லாம் பல். கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் என் இடுப்பிலேயே இருந்தது.

இருபத்திரண்டு ஆட்கள். பி.எப். என்று மாதாமாதம் அவர்கள் கூலியில் பிடித்தேன், சர்க்காருக்குக் கட்டவில்லை. அதில் புது மிஷின் இறக்கினேன். மிஷின் ஓடினால்தானே அவர்களுக்கும் கூலி? இது புரியாமல் எண்பத்து மூன்றில் நோட்டீஸ் விட்டார்கள். லைசென்ஸில் பெயர் உள்ளவன் சொந்த வீட்டை விற்றாவது கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜெயில்.

மலையாண்டி நோட்டீசோடு வந்து நின்றான்.

“அண்ணே, புடிச்சது ஒருத்தரு, உள்ள போறது நானா? பூசை முடியவும் ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்லப்போறேன்.”

“முடியட்டும்டா. நானும் கூட வாரேன்” என்றேன்.

எனக்கு வருத்தம்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை ஜெயில் களி தின்பதா? செத்தவனை எந்தச் சர்க்காரும் ஜெயிலில் போடாது.

பெயர் உள்ளவன்தான் முதல் பொட்டு வைக்க வேண்டும் என்பது அப்பா காலத்து வழக்கம். ஆட்கள் வாசலில் பூசணிக்காயோடு நின்றார்கள். அவன் மிஷின் பெல்ட்டுக்குள் கையை விட்டுப் பெரிய சக்கரத்துக்குச் சந்தனம் வைத்தான். நான் மோட்டார் சுவிட்சைப் போட்டேன்.

முதலில் கை போனது, பிறகு தோள். “அண்ணே” என்று ஒரு தரம்தான் கூப்பிட்டான். உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் பாதி உயிரோடு கிடந்து துடிப்பதை என்னால் பார்க்க முடியாது. கழுத்து முறியும்வரை ஓடவிட்டேன். சுவரில் தெறித்ததை நானே கழுவினேன். ஆட்களைக் கழுவச் சொல்ல மனம் வரவில்லை.

கை தவறிவிட்டது என்று போலீசில் சொன்னேன். நான் அழுததைப் பார்த்து ஏட்டே தண்ணீர் கொடுத்தார்.

எனக்கு இன்னும் சனி விடவில்லை. அதனால் லைசென்ஸை அவன் மனைவி அன்னக்கொடி பெயருக்கு மாற்றினேன். இப்போது நோட்டீஸ் அவளுக்கு வந்திருக்கிறது. அவளும் ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறாளாம். பாவம், பெண்பிள்ளை, ஜெயிலெல்லாம் தாங்கமாட்டாள்.

இன்று ஆயுத பூசை. சந்தனம் இழைத்தாயிற்று. முதல் பொட்டு வைக்க அவளை வரச் சொல்லியிருக்கிறேன்.