ஜானி பாய் வீட்டுக் கடல்

திருவண்ணாமலையில் அறிவியல் மனப்பான்மை உள்ள ஒரே மனிதன் நான்தான். தற்பெருமை இல்லை, யார் கணக்கெடுத்தாலும் இந்த விடைதான் வரும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் மலையைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்களைத் தேடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் போட்டோவோடு இருக்கிறது. நான் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. எதையும் நிறுத்துப் பார்த்த பிறகே நம்புவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜானி பாய் வீட்டில் நடந்ததைக் கேட்டு, யாரோ விவரம் தெரியாதவன் செய்த வேலை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

செங்கம் சாலையில் ஜானி பாஷா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். பாய் இருபத்திரண்டு வருடம் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். ஓய்வு பெற்றதும் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், பாறைகள், இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு இறால், பத்துப் பன்னிரண்டு நத்தைகள், பவளங்கள். ஒரு பவளம் வாங்கும்போது கட்டைவிரல் அளவு இருந்ததாம். பதினொரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. நிஜக் கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. தொட்டிக்குள் விட ஒரு கை தேவைப்பட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். பாயின் மனைவி அஜ்மத் பேகம் போடும் டீ நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

வேலை இதுதான்: பாறையில் தலைமுடி போல வளரும் பச்சைப் பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது. ஆனால் கையை உள்ளே விடும் முன் சலாம் சொல்ல வேண்டும்.

"மீனுக்கா பாய்?"

"அடுத்தவங்க வூட்டுக்குள்ள போறோம் தம்பி. ஒரு சலாம் கூட சொல்லாம நுழைவியா நீ?"

நான் நுழைந்தேன். அதோடு அதை எங்கள் துறைச் சுவரிதழில் 'இறாலுக்கு மரியாதை' என்று எழுதியும் ஒட்டினேன். கூடப் படிக்கும் பாலாஜி படித்துவிட்டு, "டேய் மாறா, அந்த நத்தைக்கு ஆதார் இருக்கான்னு கேட்டியாடா?" என்றான். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

பாயின் கைக்கு வருகிறேன். பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வருகிறவர் எதையாவது கிள்ளி எடுத்துப் பழகச் சொல்லியிருந்தார். அரிசி, பட்டன் எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. மீன் தீனியில் ஒட்டியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. முதல் சிட்டிகை தண்ணீரில் விழுந்த அன்று பேகம் மாடிக்கே கேசரி கொண்டுவந்தார்கள். "அவரே போட்டாரு தம்பி. நான் தொடவே இல்ல."

ஆனியில் பாசி பெருகியது. காரணத்தைப் பற்றி அந்த வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாகச் சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சுத்திகரிக்கும் இயந்திரம் ஒரு குடம் கொடுக்க இரண்டு மணி நேரம் எடுக்கும். எனக்கு செமஸ்டர் தேர்வு. மூன்று வாரம் போர் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீருக்கு ஊர் முழுக்க H2O என்ற ஒரே வாய்பாடுதான். பாசி அதற்கு ஒரு மாதம் கழித்தே வந்ததால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் வாய்விட்டுச் சேர்த்துப் பார்க்கவில்லை.

"லைட்டை கம்மி பண்ணு. தீனியும் கம்மி. தெனம் பிரஷ் போடு," என்றார் பாய். "ஆறு மாசம் ஆவும். நாம அவசரப்பட்டா அது போவாது."

ஆறு மாதம் என்பது நூற்றியெண்பது காலை. வேதியியல் படித்தவன் பாறைக்குப் பல் விளக்கிக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் அப்பா தசரதனுக்கு எங்கள் கிராமத்தில் நிலம். கிணற்றில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, பழைய வேட்டித் துணியில் முடிந்து, கயிற்றில் கட்டித் தண்ணீரில் ஒரு சுற்று இழுப்பார். இரண்டே நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். துத்தம் கேட்டு ஊருக்குப் போனேன்.

"எதுக்குடா?" என்றார்.

"ஒரு சின்னத் தொட்டிக்குப்பா."

"பாத்துப் போடு. நத்தை கித்தை இருந்தா செத்துரும்."

அவர் எட்டாவது வரை படித்தவர். நத்தைகள் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாயை அவர் மச்சான் ஆட்டோவில் தொழுகைக்கு அழைத்துப்போனார். பேகம் சமையலறையில் இருந்தார்கள். அப்பா கிணற்றுக்குப் போடும் அளவை எடுத்து, கிணற்றுக்கும் தொட்டிக்கும் உள்ள விகிதத்தால் குறைத்தேன். மிகச் சிறிய அளவு வந்தது. பாசி பிடிவாதமாக இருந்ததால் அதை மூன்றால் பெருக்கினேன். துணியில் முடிந்து தொட்டியை ஒரு சுற்று சுற்றினேன். தண்ணீரில் நீலம் இழையோடியது. பார்க்க அழகாகவே இருந்தது.

மாலையில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. இறால் சுருண்டு கிடந்தது. மறுநாள் காலை பெரிய பவளம் சதை கரைந்து எலும்பு மட்டும் வெள்ளையாக நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதியத்துக்குள் அதுவும் நின்றது. பாசியும் போய்விட்டது. அதை யாரும் குறிப்பிடவில்லை.

பாய் நாற்காலியைத் தொட்டியருகே இழுக்கச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு, "இன்னா ஆச்சு தம்பி?" என்றார்.

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தீனி போடும்போது அவர் கை ஒரு தடவை நடுங்கி, ஒரு சிட்டிகைக்குப் பதில் அரை ஸ்பூன் விழுந்திருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "பரவால்ல பாய்" என்று வலையால் பாதியை அள்ளியும் விட்டேன். மனிதனுக்குக் காரணம் ஒன்று தேவைப்படுகிறது. என் கைக்கு எட்டியதைக் கொடுத்தேன்.

"தீனி ஜாஸ்தி விழுந்துச்சில்ல பாய். தண்ணி கெட்டுப்போயிருக்கும்."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"அவ்ளோ ஜாஸ்தியா விழுந்துச்சி?"

"கொஞ்சம் ஜாஸ்திதான் பாய்."

இதில் பொய் எதுவும் இல்லை. அதிகம் விழுந்தது உண்மை.

அது நடந்து நாலு மாதம் ஆகிறது. அந்தக் கை மடியை விட்டு எழுந்திருக்கவில்லை. பயிற்சி சொல்லித்தர வருகிறவரையும் பாய் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "சோத்தைக்கூட இடது கையாலதான் தொடறாரு," என்று பேகம் மாடிப்படியில் நின்று சொன்னார்கள். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாரு." அது உண்மை. நான் சொன்னால் கேட்பார். பொறுமையாக இருங்கள், ஆறு மாதம் ஆகும் என்றேன்.

தொட்டியை எடுத்துவிடலாம் என்று பேகம் கேட்டபோது, "இருக்கட்டும்" என்றார் பாய். தண்ணீரைப் பலமுறை மாற்றினேன், சுத்திகரித்த தண்ணீரால் மட்டும். உயிர் என்று எதுவும் வரவில்லை. போன மாதம் பாசி மட்டும் வந்தது. பாறையெல்லாம் பச்சை முடி.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தினமும் பிரஷ்ஷோடு கீழே இறங்குகிறேன். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் சட்டைக் கையை மடித்துவிடுகிறேன். அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அவர் காதில் விழாதபடி, காலி வீட்டுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டுத் தண்ணீரில் கையை விடுகிறேன்.