ஊமைப்படத் திருடன்

அறுபதுகளில் ஒருநாள், ரங்கூனிலிருந்து ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போகும் படகில் என் முன்னால் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் திருடனா இருந்ததாலதான் எனக்குப் பொண்ணே கிடைச்சுது" என்றார் ஒருவர்.

"என்ன சொல்றீங்க, கோ மாணிக்கம்?" என்றார் மற்றவர், பர்மியர் வழக்கப்படி 'அண்ணன்' என்ற பொருளில் 'கோ' சேர்த்து.

"நாடகத்துல எனக்குத் திருடன் வேஷம். கத்தியைக் காட்டி மிரட்டுவேன். என் கீச்சுக்குரலைக் கேட்டு கொட்டகையே சிரிக்கும். அதே நாடகத்தை ஊமைப்படமா எடுத்தாங்க. குரல் இல்லையா, பார்த்தவங்க நிஜமாவே பயந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் ரத்னா என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சா. பொண்ணு பார்க்கப் போனப்ப நான் வாயே திறக்கலை."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"திறந்துதானே ஆகணும்? 'தண்ணி வேணும்'னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'இன்னும் ஏதாவது பேசுங்க'ன்னா. அன்னைக்கு ஆரம்பிச்சவன்தான், இன்னும் நிறுத்தலை."