கத்திக்கொண்டே வந்த ஏவுகணை

அவள்: ...முதல்ல கார் கதவைச் சாத்துங்க.

அவன்: உள்ள விருந்துல எல்லாரும் உன்னைத் தேடுறாங்க. நீ என்னடான்னா இங்க வந்து உட்கார்ந்திருக்க.

அவள்: தலைவலி.

அவன்: உனக்கே தலைவலியா!

அவள்: போதும் உங்க ஜோக்கு. கையில என்ன?

அவன்: கேக். ஏவுகணை மாதிரியே செஞ்சிருக்காங்க. உனக்காக மூக்கு நுனியைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

அவள்: அடிக்க வந்த ஏவுகணையா, அதை மறிச்ச ஏவுகணையா?

அவன்: தின்னுறதுல என்ன வித்தியாசம்? சாப்பிடு. உங்க சோதனைக் குழுவுக்கு ஒரே கைதட்டல். நடுவானத்துலயே அடிச்சுட்டீங்களே!

அவள்: என்னங்க...

அவன்: சொல்லு.

அவள்: உங்க கொள்முதல் பிரிவுல... ஆர்டர் எப்போ?

அவன்: வீட்டுல ஆபீஸ் பேச்சு கூடாதுன்னு நீதானே...

அவள்: இது வீடில்லை, கார்.

அவன்: சரி தாயே. நாளைக்குன்னு பேச்சு. மொத்தமா.

அவள்: நாளைக்கேவா? கஷ்டமான சோதனையெல்லாம் இன்னும் பாக்கியிருக்கே!

அவன்: வாங்கிக்கிட்டே சோதிச்சுக்கலாமாம். மேலிடத்துல அவசரம்.

அவள்: அதுல கோளாறு இருந்தா? அத்தனையையும் பிரிச்சு மறுபடி செய்யணும். அதுவரைக்கும் ஊரு ஜனம் அதை நம்பி இருக்குமே...

அவன்: கோளாறு எங்கேருந்து வரும்? அதான் அடிச்சுதே!

அவள்: அடிச்சுது... வந்தது தானாவே வழி காட்டிச்சு.

அவன்: எது?

அவள்: நாங்க விட்ட இலக்கு. அதுக்குள்ள ஒரு கருவி. ‘இங்க இருக்கேன், இங்க இருக்கேன்’னு சிக்னல் குடுத்துக்கிட்டே வந்துது.

அவன்: கண்ணாமூச்சியில ஒளிஞ்சவனே குரல் குடுத்த மாதிரியா?

அவள்: அதேதான். முதல் சோதனைக்கு அது சரி. ஆனா நிஜமா அடிக்க வர்றவன் கத்திக்கிட்டா வருவான்? மேடையில ஒருத்தர்கூட அதைப் பத்தி மூச்சு விடலை. நீங்க கையெழுத்துப் போடாதீங்க. நாளைக்கு எல்லாம் உங்க தலையிலதான் விடியும்.

அவன்: நான் போடலைன்னா உன் குழுவுக்குக் கெட்ட பேராச்சே...

அவள்: என் குழுவா... இயக்குநர்கிட்ட இதையே சொன்னேன். இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுட்டார்.

அவன்: எப்போ?

அவள்: கேக் வெட்டுறதுக்கு முன்னாடி... என்ன, சிரிக்கிறீங்க? இங்க ஒருத்திக்கு வேலை போயிருக்கு!

அவன்: சிரிக்காம? போன வாரமே என்னைத் தூக்கி மேஜை நாற்காலி வாங்குற பிரிவுல போட்டுட்டாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்.

அவள்: என்னது! என்கிட்ட ஒரு வார்த்தை... அப்போ நாளைக்கு ஆர்டர்?

அவன்: அது நேத்து வரைக்கும் இருந்த பேச்சு. நான் பயந்த இடத்துல, எனக்குப் பதிலா வந்தவரும் பயந்துட்டார். இன்னொரு சோதனை முடியட்டும்னு இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டாராம்.

அவள்: அவர் சரி... நீங்க ஏன்? சிக்னல் விஷயம் உங்களுக்குத் தெரியாதே!

அவன்: போன மாசம் சோதனை முடிஞ்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காம அப்படியே நின்னியே... ஜெயிச்சவ முகமா அது? ஆபீஸ்ல ஏன் ஏன்னு துளைச்சாங்க. பொண்டாட்டி முகம் சரியில்லைன்னா சொல்ல முடியும்?