சகலைக்கு முப்பது தடவை

இல்ல இல்ல, நீங்க அந்தப் பக்கமே உக்காருங்க அண்ணாச்சி. அங்கதான் காத்து நல்லா வருது. போட் போர்ட் பிளேர் போய்ச்சேர இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. நான் இப்படியே கால நீட்டிக்கிடுதேன்.

எதுல விட்டேன்? ஆங், என் சகலை. ஜோஸ்வான்னு பேரு. என் பொண்டாட்டி சிசிலியாவோட தங்கச்சி கேத்தரினக் கட்டுனவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வருஷம்தான் சுகர் வந்துது. யூரின்ல புரோட்டீன் போகுது, கிட்னியக் கவனிங்கன்னு சொன்னதும் ஒரே வருஷம்தான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சமம். அப்புறம் பய கால்ல ஆணி குத்திட்டு.

சிரிக்காதிய. அந்த ஆணிதான் அவனுக்கு அதிர்ஷ்டம். புண்ணு ஆறல. ஒரு விரல எடுத்தாங்க. பிறகு ஆஸ்பத்திரியில ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள படுக்கப்போட்டு, காத்த அமுக்கி ஆக்சிஜன் குடுத்தாங்க. தினம் ஒண்ணரை மணி நேரம். முப்பது தடவை! ஆமா, கடல்ல முங்குதவங்க அவசரமா மேல வந்து கைகால் முடங்கிப்போச்சுன்னா போடுவாங்கள்லா, அதே கூண்டுதான். நான் இருபது வருஷம் சங்கு எடுக்க முங்குனவன் அண்ணாச்சி. அவன் போட்ல டிக்கெட் கிழிக்கிறவன், இடுப்பளவு தண்ணியில இறங்கமாட்டான். கூண்டு யாருக்கு? அவனுக்கு. க்யா கரேகா, என்ன செய்ய.

புண்ணு ஆறினதுகூடப் பரவாயில்ல. கிட்னி கெடக் கெட ஏறுமே கிரியாட்டின், அது ரெண்டுலருந்து ஒண்ணரைக்கு இறங்கிட்டு! கேத்தரின் அந்த ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து எங்க தீவு லாங் ஐலண்ட் பூரா அனுப்பிட்டா. சிசிலியா சோத்தப் போட்டுட்டு என் மூஞ்சியவே பாக்கா. எனக்கு ரெண்டே முக்கால், ஏறிக்கிட்டேதான் இருக்கு. வயிறு எரியுதுன்னு பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லிட்டேன். சாமியார் அஞ்சு ஜெபம் சொல்லச் சொன்னாரு. சொல்லிப் பாத்தேன், எரியத்தான் செய்யுது.

கேக்காம இருப்பேனா? டாக்டரம்மாகிட்டப் போய், எனக்கும் குடுங்கன்னு கேட்டேன். திவ்யான்னு சின்னப் பொண்ணு, பொறுமையாத்தான் சொல்லிச்சு. கூண்டு புண்ணுக்குத்தானாம், கிட்னிக்கு இல்லயாம். அவனுக்கு நம்பர் இறங்கினது சீழ் வத்தினதால இருக்கலாம், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டால இருக்கலாம், ஆக்சிஜனாலதான்னு சொல்ல முடியாதாம். சுகர் வந்த கிட்னி ஆக்சிஜன எப்படிச் செலவழிக்குதுன்னு எலிக்கு இதே மாதிரி ஆக்சிஜன் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காங்களாம். சில எலிக்கு நல்லாயிருக்காம். மனுசனுக்கு இன்னும் தெரியாதாம்.

அதக் கேட்டதும் எனக்கு எலி மேலயும் பொறாமை வந்துட்டு. மெய்யாத்தான். எலிக்குக் குடுக்காங்க, எனக்குக் கிடையாது. ஏன்னா என் கால்ல புண்ணு இல்ல. உப்பக் குறைங்க, மாத்திரைய விடாதீங்க, தினம் உள்ளங்கால உத்துப் பாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பாத்தேன். தினம் பாத்தேன். ஒரு சின்னக் கொப்புளமாவது வராதான்னு பாத்தேன்.

ஆமா, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் இப்பவும் போறேன். என்ன, கால்ல இந்தக் கட்டப் பாக்கியளா? தண்ணி படக்கூடாதுன்னு பாலிதீன் கவர் சுத்தியிருக்கேன். கடல் வத்தினப்போ பாறை மேல செருப்பில்லாம நடந்துட்டேன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லப்போறேன். உங்ககிட்ட மறைச்சு என்ன, இறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. வீட்டுல பழைய சங்கு ஒண்ணு உடைஞ்சு கிடந்துது. அத வச்சு நானேதான் கீறிக்கிட்டேன். வலிக்கும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். வலிக்கவே இல்ல அண்ணாச்சி. அதனால எவ்வளவு ஆழம் போச்சுன்னு எனக்கே தெரியல.

ஒன்பது நாளாச்சு. சிசிலியாகிட்டயும் பாறைன்னுதான் சொல்லியிருக்கேன். வாடை வருதோ? அதுக்குத்தான் உங்கள அந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன்.

அரே, நீங்க எதுக்கு எந்திரிக்கிய? யாரையும் கூப்பிட வேண்டாம், உக்காருங்க. இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவனுக்கு ஒரு ஆணிக்கே முப்பது தடவை. இது அதவிடப் பெருசு. எனக்கு நாப்பது தடவையாவது எழுதுவாங்கள்லா?