துணைக்கால்

வெற்றிக்கு எதிர்ச்சொல் தோல்வின்னு நானே கிளாஸ்ல சொல்லிக் கொடுத்திருக்கேன். தப்பு, மோளே லிஜி. பெரிய தப்பு. நம்ம கேரளத்துல அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லே கிடையாது. இங்க யாரு தோத்தா, சொல்லு பாப்போம்? மெஷினை நிறுத்தாதே, நீ பாட்டுக்கு அடி. சதானந்தனோட நன்றி பேனர்தானே அது? கண்ணுல பட்டுச்சு, உள்ள வந்தேன்.

போன மாசம் பந்த் நடந்துச்சே... ஒரு கடை திறக்கல, ஒரு பஸ் ஓடல. மறுநாள் போஸ்டர், 'பந்த் மகத்தான விஜயம்'. ஒண்ணுமே நடக்காததுக்குப் பேரு விஜயம், வெற்றி. பையன் பரீட்சையில தேறினாலும் 'ஜெயிச்சான்'. கணக்குப் பேப்பர் என்ன எதிரி நாடா? நம்ம ஊரு அப்புக்குட்டன் செத்தப்போ நீயே அடிச்சுக் கொடுத்தியே, 'அனுதாபக் கூட்டத்தை விஜயிப்பிக்குக'ன்னு. அனுதாபக் கூட்டத்தை எப்படிம்மா ஜெயிக்க வைக்கிறது? யாரு கூடப் போட்டி? சிரிக்காதே, கேள்வி கேக்குறேன்.

வாளையாறு தாண்டிப் பாரு, தமிழ்நாட்டுல விஜயம்னா வந்துட்டுப் போறது. மந்திரி விஜயம்னு எழுதினா, மந்திரி வந்தாரு, வடை தின்னாரு, போனாரு. அவங்க நேர்மையா ஒத்துக்கிட்டாங்க.

இங்க ஓட்டுப் போடுங்கன்னு கேக்க ஒருத்தனுக்கும் வாய் வராது. 'விஜயிப்பிக்குக', ஜெயிக்க வைங்க. தானா ஜெயிக்கத் துப்பில்ல, நாலு பேரு தூக்கி உக்கார வைக்கணும். இப்ப சதானந்தன்... வாசகசாலைத் தேர்தல்ல ஓட்டு எண்ணின மேஜையில டீ கூட ஆறல, 'என்னை விஜயிப்பிச்ச அனைவருக்கும் நன்றி'. யாரும்மா அந்த அனைவர்? வாசகசாலையில அந்த அரிசி மில்லுக்காரன் எடுத்த ஒரே புஸ்தகம் பஞ்சாங்கம். அதையும் திருப்பித் தரல. அவன் இனிமே செயலாளர். நான் கரையான் தட்டி, அட்டை போட்டு வச்ச அலமாரி எல்லாத்துக்கும் சாவியை நாளைக்கு அவன் கையில கொடுக்கணும்.

என்ன... ஓட்டுச் சீட்டும் நீதான் அடிச்சியா? தெரியும். அதுல நீ செஞ்ச வேலையும் தெரியும். சதானந்தன்ல துணைக்கால் எங்க? 'சதனந்தன்'னு இருந்துச்சு. வாசகசாலைத் தேர்தல், அதுவும் என்னை எதிர்த்து நிக்கிறவன் பேரு. கண்டுக்காம விட்டா, எதிரிங்கிறதால விட்டேன்னு ஆயிடும். என் சீட்டுல என் பேருக்கு நேரா ஓட்டுக் கோடு போட்டேன். அவன் பேர்ல விட்டுப்போன துணைக்காலைப் போட்டேன். சிவப்பு மையிலதான், திருத்தம்னு தெரிய வேணாமா?

எண்ணும்போது ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டி, ரெண்டு பேரு கிட்டயும் கோடு இருக்கு, செல்லாதுன்னு தனியா வச்சாங்க. எந்திரிச்சு, அது கோடில்ல, துணைக்கால்னு சொன்னேன். 'அப்போ இது மாஷோட ஓட்டா?'ன்னு என்னையே கேக்குறாங்க. ரகசிய ஓட்டெடுப்பு, லிஜி. அதை எப்படிச் சொல்றது? உக்காந்துட்டேன்.

ஓட்டு சமமா வந்தா பழைய செயலாளரே, அதாவது நானே, தொடரணும், அதான் விதி. சதானந்தன் ஒரே ஓட்டுல ஜெயிச்சான்.