புண்ணாக்குச் சோதனை

இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கன்னிவாடியில் பாறையை உடைத்து இரண்டு கிணறு வெட்டினேன். ஊரே சிரித்த மேட்டில் தென்னந்தோப்பு வைத்தேன். நேற்று திண்டுக்கல் பஸ்ஸில், முன் சீட்டில் முன்பின் தெரியாத இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பத்து மைல் ஓட்டத்துல ஜெயிச்ச எரியோடு ஊருப் பயலுக்குக் கப்பைக் குடுக்கலையாம்ல?”

“ஓடி முடிச்சும் மூச்சு வாங்கலைன்னா சந்தேகம் வராதா அப்பு? மருந்து தின்னுட்டு ஓடினான்னு புகாரு. ரேக்ளா வண்டிப் பந்தயத்துல மாட்டைச் சோதிக்கிறவுகளையே கூட்டியாந்துட்டாக.”

“அவுக என்ன செஞ்சாக?”

“மாட்டுக்குச் செய்யிறதுதான். மருந்து குடிச்ச மாடு புண்ணாக்கைத் தொடாதுல்ல? இவன் முன்னாடியும் ஒரு தொட்டி வச்சாக. தொடவே இல்ல.”

“மனுசன் எப்படிய்யா புண்ணாக்கு திம்பான்?”

“அதைத்தான் அவனும் கேட்டான். குத்தமில்லாதவன் எதுக்குக் கேள்வி கேக்குறான்னுட்டாக.”

“பெறகு?”

“கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கை அள்ளித் தின்னான். உடனே மாலையைப் போட்டுக் கப்பைக் குடுத்துட்டாக.”

ரேக்ளாவில் அந்தச் சோதனையை முதன்முதலில் கொண்டுவந்தவன் நான்தான். அது இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு மருந்து தின்னவன் என்ற பேர்தான் நின்றிருக்கும். ஆகவே கப்பில் அவன் பேருக்குக் கீழே என் பேரையும் வெட்ட வேண்டும்.